வாயிற் காவல்

வீட்டிற்குச் சுவர் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது வாயில். சுவரில்லாத வீடு வெட்டவெளி. வாயிலில்லாத வீடு கல்லறை. வரத்தக்கதை வரவிட்டு, வரத்தகாததைத் தடுத்து, போகவேண்டியதைப் போக்கிவிடும் காவல் எங்கே செவ்வனே நடைபெறுகின்றதோ அங்கேதான் வாழ்வு நிலைபெறும். இவ்வுண்மையை ஊராள்வோர் மறப்பினும், வணிகர் மறப்பினும், நம் உடம்பில் கண்ணுக்குப் புலனாகாது உறையும் உயிரணு ஒருபொழுதும் மறப்பதில்லை. அவ்வுயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வின் அமைப்பையும் தொழிலையும் ஒருவாறு எடுத்துக்காட்டி, வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றின் இருமருங்கும் தொடர்ந்து நடைபெறும் தோல் தொழில் அச்சவ்வினிடம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டென நாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலைப்பற்றி நம் பக்கத்தாருக்கு எவரும் புதிதாகச் சொல்லவேண்டுவதில்லை. பச்சைத்தோல், உப்புத்தோல், சுண்ணாம்புக்குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்னும் சொற்கள் நம் தெருக்களில் சிறுவர் வாயிலும் பயில்வன. எனினும் தோல் வேறு, சவ்வு வேறு. தோல் ஷாப்பில் பதனிடப்படுவது விலங்கின் உடற்போர்வையிலுள்ள நார்ப்பகுதி. அந்நாருக்குக் கொலாஜன் என்று பெயர். அதனை நூற்று நெய்த உயிரணுக்கள் சுண்ணாம்புக்குழி முதலியவற்றிற் சிதைந்து நீங்குகின்றன. ஆகவே நம் கையிலுள்ள செருப்புத்தோல், நெய்தவன் மறைந்தபின் எஞ்சிய ஆடை போல்வது. சவ்வோ நெய்கின்றவனுடைய மேனியே போல்வது. ஆடை கிழிந்தால் தைக்கலாம். சவ்வு கிழிந்து சீர்ப்படாதாயின் உயிரணு மாயும்.

இச்சவ்வின் பருமன் எவ்வளவு? ஒரு மயிரின் பருமனுக்கு ஈடாக ஏறத்தாழ 10,000 சவ்வுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கவேண்டும். இத்துணை நுண்ணிய பொருளின் அமைப்பை அறிஞர் கண்டறிந்த வரலாறு இனிமை பயப்பதாகும். 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்தில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின்மேல் ஒரே படலமாகப் பரப்பி அளந்தனர். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரப்பை அப்படலம் நிரப்பிற்று. ஆகவே சவ்வு என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கொழுப்படுக்குகளால் ஆயது என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

அவ்வடுக்குகள் நிற்கும் முறையும் வியக்கத்தக்கது. அக்கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். உயிரணுவின் உள்ளும் நீர், புறமும் நீர். ஆதலால் அம்மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று, வால்களை நடுவே மறைத்து, தலைகளை இருபுறத்து நீரையும் நோக்கி நீட்டிக்கொள்கின்றன. இவ்வணிவகுப்பிற்கு ஆணையிடுவோர் எவருமில்லை. நீரை நாடுதலும் வெறுத்தலுமாகிய இயல்பே போதும். 1972-ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இன்னொன்றையும் தெளிவாக்கினர். அக்கொழுப்படுக்கு உறைந்த சுவரன்று, எண்ணெய்போல் நெகிழ்வது. அதனுள் புரதங்கள் பல, ஆற்றில் தோணிகள்போல், மிதக்கின்றன. அப்புரதங்களுட் பலவே உயிரணுவின் வாயில்களும் வாயில் காப்போருமாக விளங்குகின்றன.

இனி அதன் தொழிலைக் காண்போம். பிராணவாயுவும் கரியமிலவாயுவும் கொழுப்படுக்கின் வழியே தாமே புகுந்து செல்லும். நீர் சிறிதளவு அங்ஙனமே செல்லுமாயினும், விரைந்து செல்வதற்கு அதற்கெனத் தனி வாயில்கள் உண்டு. அவ்வாயிற் புரதத்தை 1992-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே என்பார்க்கு 2003-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயின் உப்பிலுள்ள சோடியமும், அதன் இனமாகிய பொட்டாசியமும் கொழுப்படுக்கைத் தாமாகக் கடக்கமாட்டா. அவற்றிற்கு வாயிலும் வேண்டும். வாயில் காப்போனும் வேண்டும்.

அக்காவலனை 1957-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து ஸ்கௌ என்பார் கண்டறிந்தார். 1997-இல் அவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அக்காவலன் ஒருமுறை இயங்கும்போது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றான். சோடியம் எவ்வளவு கசிந்து உட்புகினும் சலியாது அதனை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றான். இவ்வேலைக்குக் கூலி உண்டு. நாம் ஒன்றுஞ் செய்யாது ஓய்ந்திருக்கும்போது நம் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இக்காவலுக்கே செல்கின்றது. அன்பர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்துக. உயிர் என்பது தன் வருவாயில் ஐந்தில் ஒன்றை வாயிற் காவலுக்கு ஈந்து வாழ்வது. அக்கூலியை வீண் செலவென்று நிறுத்திய உயிரணு பிழைப்பதில்லை.

இனி இச்சவ்வுக்கும் பாலாற்றங்கரைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். பச்சைத்தோல் உரித்த சில மணி நேரத்திலேயே கிருமிகளால் அழுகத் தொடங்கும். அதனைக் காப்பதற்கு எளிய வழி உப்பு. தோலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரையும் உப்பிடுவது வழக்கம். உப்பு எங்ஙனம் காக்கின்றது? மாங்காய்த் துண்டில் உப்பிட்டால் அது நீர்விட்டுச் சுருங்குவதை அடுக்களையிற் காணாதார் இலர். நீர் கடக்கக்கூடியதும் உப்பு எளிதிற் கடக்கமாட்டாததுமான சவ்வு ஒன்று நடுவே நின்றால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். தோலின்மேல் உப்பு மிகும்போது கிருமியின் உள்நீர் அதன் சவ்வின் வழியே வெளிப்போந்துவிடுகின்றது. பெரும்பாலான கிருமிகள் செயலற்றுப்போகின்றன. தோல் காக்கப்படுகின்றது. ஆகவே தோல் வணிகத்தின் முதற்படியே சவ்வின் விதியொன்றால் நடைபெறுவதாகும்.

ஆயின் அவ்விதி தோல் ஷாப்பின் மதிலோடு நின்றுவிடுவதில்லை. பல மாகாணங்களிலிருந்து வந்திறங்கும் உப்புத்தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுகின்றனர். அவ்வூறல் நீர் நெடுங்காலம் ஓடையிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் கலந்தது. அங்கிருந்து கிணற்றிற்கும், கிணற்றிலிருந்து கழனிக்கும் சென்றது. கழனியில் நிற்கும் நெற்பயிரின் வேரும் உயிரணுக்களால் ஆயதே, அவ்வுயிரணுக்களுக்கும் சவ்வுண்டு. மண்ணீரில் உப்பு மிகுந்தால், வேர் நீரை உறிஞ்சுவது அரிதாகின்றது. அன்றியும், உட்புகும் சோடியத்தை வெளியேற்றுவதிலேயே பயிர் தன் வலிமையைச் செலவிட நேர்கின்றது. பாத்தியில் நீர் நிற்கப் பயிர் வாடுகின்றது. நீரின் நடுவே நின்றுகொண்டே தாகத்தால் மடிவதினும் கொடிய சாவு உண்டோ? கிருமியைக் கொன்று தோலைக் காத்த அதே விதி, பயிரைக் கொன்று உழவனைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தோல் தொழில் நடைபெறும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஒரு பகுதியோ பயிரிடத் தகாததாயிற்று என்று கண்ட ஆராய்ச்சி ஒன்று எடுத்துரைக்கப்பட்டுள்ளது.

உப்பைக் காட்டிலும் மக்கள் அஞ்சுவது குரோமியத்தை. அங்கும் சவ்வின் செய்தி ஒன்றுண்டு. குரோமியம் இருவகை நிலையிற் பெரிதும் வழங்குகின்றது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். இது நாரோடு நாரைப் பிணித்துத் தோலை உறுதியாக்கும். உயிரணுவின் சவ்வை இது எளிதிற் கடப்பதில்லை. மற்றொன்று ஆறிணைதிறக் குரோமியம். இது குரோமேட்டு என்னும் உருவில் நீரிற் கரையும்போது, உயிரணுவிற்கு நாள்தோறும் வேண்டப்படும் சல்பேட்டு என்னும் பொருளை வடிவில் ஒத்திருக்கின்றது. சல்பேட்டிற்கென அமைந்த வாயிலில், உறவினன் வேடம் பூண்ட கள்வனைப்போல், இது நுழைந்துவிடுகின்றது. உள்ளே புகுந்தபின் உருமாறி, உயிரணுவின் மரபுப்பொருளையே சிதைக்கின்றது. புற்றுநோய்க்கு இது காரணமாதல் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. இராணிப்பேட்டையில் குரோமேட்டு உப்புகள் செய்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குவியல் பல்லாண்டுகள் மழையில் நனைந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை அவ்வூரார் நன்கறிவர்.

இவற்றைக் கேட்டு, உப்பே பகை என்று எண்ணிவிடலாகாது. அதே சோடியம் உயிர்காக்கும் மருந்தாவதும் உண்டு. காலரா நோயில் குடலின் உயிரணுக்கள் உப்பையும் நீரையும் ஓயாது வெளியே கொட்டுகின்றன; உடல் வற்றி நோயாளி இறக்கின்றான். ஆயின் அக்குடற் சவ்வில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உட்செல்லும் வாயில் ஒன்று கெடாமலிருக்கின்றது. சர்க்கரையையும் உப்பையும் தக்க அளவிற் கரைத்து ஊட்டினால், இரண்டும் அவ்வழியே புகும், நீரும் உடன்செல்லும். 1971-ஆம் ஆண்டில் வங்காளத்துப் போங்காவ் என்னும் இடத்தில் அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலையே பெரிதும் நம்பி மருத்துவம் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த சாவு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளரும், சிறுகுடலில் எளிதிற் செரிக்காத மாவுப்பொருளை இக்கரைசலோடு சேர்த்தால் காலராவின் போக்குக் குறைகின்றதென்று 2000-ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்டனர். ஆகவே உப்பு நல்லதோ தீயதோ என்னும் வினா பயனற்றது. எவ்வளவு உப்பு, எவ்வாயிலில், எவர் காவலில் என்பதே வினா.

இவ்விடத்தில் நம் பக்கத்தில் நெடுநாளாக வழங்கும் இரண்டு கட்சிகளை ஆராய்தல் தகும். தோல் ஷாப்புகள் அனைத்தையும் மூடிவிடவேண்டும் என்பது ஒரு கட்சி. உணவும் வாயுவும் புகாதவாறு வாயில்களையெல்லாம் அடைத்துவிட்ட உயிரணு, நஞ்சால் மாய்வதற்குமுன் பட்டினியால் மாயும். ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் செருப்பு ஆலைகளுக்கு விடியலிற் புறப்படும் பெண்டிரின் கூலியே பல குடும்பங்களுக்கு அடுப்பெரிக்கும் விறகு. மூடு என்பார் அவ்வடுப்புக்கு விடை சொல்லவேண்டும். பிழைப்பு நடக்கவேண்டுமாதலால் எதையும் கேளாதிருங்கள் என்பது மற்றொரு கட்சி. இது வாயில் காப்போனை வேலையினின்றும் நீக்கிவிட்டு, மீதமான கூலியை இலாபமென்று எண்ணும் பேதைமை. சோடியம் உள்ளே நிறையும்போது உயிரணு முதலிற் பருப்பதும் உண்டு. பருத்தலை வளர்ச்சியென்று மகிழ்ந்தால், அடுத்து வருவது வெடித்தல்.

அங்ஙனமாயின் இதுகாறும் காவலே இல்லையோ எனின், உண்டு. ஆயின் அது கடைசியிற் கொண்டுபோய் வைக்கப்பட்ட காவல். தோல் ஷாப்புகளின் கழிவுநீரை ஒருங்கே திரட்டித் தூய்மை செய்யும் பொது நிலையங்கள் ஏற்பட்டன. அவற்றில் எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் முறையால், செயற்கைச் சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளி, நல்ல நீரை மீட்கின்றனர். உயிரணுவின் கலையை மனிதன் பின்பற்றியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் நீர் மீண்டது; உப்பு எங்கே போயிற்று? பல உப்புக்கள் கலந்த குவியலாக அது எஞ்சுகின்றது. கலந்துபோன உப்பு மறுபடி பயன்படுவது அரிது. கசடும் அங்ஙனமே தேங்குகின்றது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டையில் அத்தகைய பொது நிலையம் ஒன்றின் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து விழ, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். வாயில்தோறும் தடுக்கவேண்டியதை ஓரிடத்தில் திரட்டி ஒரு சுவரை நம்பியிருந்ததன் விலை அப்பத்து உயிர்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் மீண்டும் இவ்வழக்கை ஆராய்ந்து, பாதிக்கப்பட்டார்க்கு ஈடு வழங்கவும் நிலைமையைக் கண்காணிக்கவும் கட்டளையிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

உயிரணுவின் வழி வேறு. உடம்பிலும் கழிவை இறுதியில் வடிக்கும் சிறுநீரகம் உண்டு. ஆயினும் சிறுநீரகம் இருக்கின்றதென்று எந்த உயிரணுவும் தன் காவலைத் தளர்த்துவதில்லை. ஒவ்வொன்றும் தன் வாயிலில், தன் செலவில், அந்தந்தக் கணத்திலேயே தன் சோடியத்தை நிறுத்துகின்றது. நம் தோல் தொழிலும் இவ்வழியே செல்லவேண்டும் என்பது என் துணிபு. தோலை நீரிலிடுமுன் உலர்ந்த உப்பை உதறி எடுத்துவிடுதல் ஒரு காவல். நீரிற் கரையாத உப்பை அள்ளிவிடலாம், கரைந்த உப்பைப் பிரிக்கப் பெருஞ்செலவாகும். ஊறல் நீரை மற்றக் கழிவோடு கலவாது தனியே வைத்து வெயிலிற் காயவிடுதல் இரண்டாவது காவல். குரோமியத்தைக் கழிவில் விடாமல் மீட்டு மறுபடி பயன்படுத்துதல் மூன்றாவது காவல். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி நடக்கும் இடத்திலேயே குறைந்த உப்பிலும் குளிரிலும் தோலைக் காத்தல் இவை எல்லாவற்றிற்கும் முற்பட்ட காவல். இவை கனவுகள் அல்ல. சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய வழிகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். சில இடங்களிற் கையாளவும் படுகின்றன. வேண்டுவது, சிலரிடத்து வழக்கமாயிருப்பது எல்லாரிடத்தும் கடமையாதல்.

இதற்கு ஒரு தடை கூறுவாரும் உளர். பெரு முதலாளிகள் இவற்றைச் செய்யலாம், நாலைந்து தொட்டி வைத்துப் பிழைக்கும் சிறு முதலாளி எங்ஙனம் தாங்குவான் என்பர். நியாயமான வினாவே. இதற்கும் உடம்பே விடை கூறுகின்றது. ஒவ்வோர் உயிரணுவும் தன் வாயிலைத் தானே காக்கின்றது. எனினும் அக்காவலுக்கு வேண்டும் சர்க்கரையையும் பிராணவாயுவையும் இரத்தம் சுமந்து வந்து கொடுக்கின்றது. அங்ஙனமே அரசாங்கமும், இங்குச் செய்த செருப்பைக் கடல்கடந்து விற்கும் பெருங்கம்பெனிகளும் சிறு முதலாளியின் காவற்செலவில் பங்கேற்கவேண்டும். ஆனால் உதவி பெறுவது வேறு. காவலையே கைவிடுவது வேறு. உப்பை உதறும் கூலி செருப்பின் விலையில் அடங்கவேண்டியது. அதனைச் செருப்பின் விலையிற் சேர்க்காமற்போனால், செருப்பை ஒருபோதும் வாங்காத உழவன் தன் கழனியை விற்று அதனைச் செலுத்துகின்றான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். பிறர் தலையிற் கட்டும் செலவோ அளவுக்கு மிஞ்சாதபோதும் நஞ்சே.

தமிழ் பயில்வோன் இதனை ஏன் எழுதவேண்டும் என்று வினவுவார்க்கு ஒரு சொல். கழனியில் நிற்பவர் பேசுவது தமிழ். கிணற்று நீரைச் சோதித்த அறிக்கையும், கோர்ட்டின் கட்டளையும், ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரையும் அவர் வீட்டு வாயிலை அடையும்போது பிறிதொரு மொழியில் நிற்கின்றன. பொருளை உள்ளே விடாத மொழியும் ஓர் அடைபட்ட வாயிலே. சவ்வு, உப்பு, ஊறல், கசடு என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக்கொண்டு விஞ்ஞானத்தை ஊராரிடம் கொண்டுசெல்வது விஞ்ஞான மாணவர்க்கும் நமக்கும் பொதுவான கடமை. நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் தோல் ஷாப்புகளிலும் ஆலைகளிலும் அரசாங்க அலுவல்களிலும் பொறுப்புள்ள இடங்களில் அமர்ந்துள்ளனர். மயிரினும் பதினாயிரம் மடங்கு மெல்லிய சவ்வு ஒவ்வொரு கணமும் செய்யும் காவலை, கல்லாலும் இரும்பாலும் கட்டிய நம் தொழிற்சாலைகள் செய்யவியலாதென்று சொல்லுதல் அவர்க்கும் நமக்கும் அழகன்று. ஆகலின் காவலை ஆற்றங்கரையில் வைப்பதைவிட்டு, வாயில்தோறும் வைப்போமாக; அக்காவலுக்குரிய கூலியையும் நாமே செலுத்துவோமாக.